நயினாருக்கு ஒரு மழை

பங்குனி மாதத்தில் மழை வேண்டும் என்று மனுப் போடுகிற ஆள் பதினோரு ஊரிலும் ஒருவர்தான் உண்டு. அவர் குடைக்கடை நயினார். சித்திரையிலும் போடுவார், மார்கழியிலும் போடுவார். பச்சைத் தாளில், கோணல் எழுத்தில், "கடையில் முந்நூறு குடை தேங்கிக் கிடப்பதால்" என்று அது தொடங்கும். வேலாந்துறை வட்டார வள மன்றம் மாதாமாதம் அதை ஒருமனதாகத் தள்ளுபடி செய்யும். மன்றத்தில் ஒருமனதாக நடக்கிற காரியம் அது ஒன்றுதான் என்பதால் உறுப்பினர்களுக்கு அந்த மனுவின் மேல் ஒரு தனிப் பிரியமும் உண்டு.

மன்றச் செயலர் இசக்கிமதி அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே வந்து மனுக்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் தாள் என்றால் மழை வேண்டாம், பச்சைத் தாள் என்றால் வேண்டும். மேசையில் மஞ்சள் நூற்றுப் பன்னிரண்டு கிடந்தது. உப்பளக்காரர்கள், பருத்திக்காரர்கள், மூன்று கல்யாண வீட்டார், வீட்டுக்கு வெள்ளையடிக்கிற ஒருவர், மொட்டை மாடியில் வடகம் காயப் போட்டிருக்கும் மகளிர் குழு. ஓர் ஆள் தனக்கு மழை வேண்டாம் என்று எழுதிவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் பெய்வதில் ஆட்சேபணை இல்லை என்று பின்குறிப்பும் போட்டிருந்தார். பச்சை ஒன்றே ஒன்று. நயினார்.

பதினொரு மணிக்குக் கூட்டம். இன்றைக்குச் சண்டைக்கு வழியில்லை, மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று அவள் நினைத்த நேரத்தில் மீரான் உள்ளே வந்தான். கொக்கியைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர் அவன். வந்தவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டான். அவன் தாழ்ப்பாள் போட்டாலே அவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள்.

"யக்கா, வியாழக்கெழம மத்தியானம்" என்றான்.

"எம்புட்டு?"

"பதினோரு சென்டிமீட்டர். கூடுனாலும் கூடும், கொறையாது. பங்குனியில இப்பிடி ஒரு மழய நான் பாத்ததே இல்ல."

"வேற பக்கம் ஒதுங்காதா?"

"ஒதுக்கதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு? கொக்கி செத்து ரெண்டு வருசம் நாலு மாசம் ஆச்சு. நீங்களே மறந்துட்டீயளாக்கும்."

மறக்கவில்லை. ஒரு பொய்யை நெடுநாள் ஒழுங்காகச் சொல்லி வந்தால் சொல்பவருக்கே அதில் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிடும், அவ்வளவுதான்.

கொக்கி என்பது கடற்கரையில் நிற்கும் நான்கு கோபுரங்கள். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு ஒரு முழ நீளப் பெயர் உண்டு. ஊர் வைத்த பெயர் கொக்கி. அதன் உச்சியிலிருந்து மின்னேற்றிய உப்புத் துளிகள் ஆகாயத்துக்குப் போகும். நாற்பது கிலோமீட்டருக்குள் திரிகிற மேகம் எதுவானாலும் புல்லுக்கட்டைக் கண்ட மாடு மாதிரி அதன் பின்னால் வரும். வேண்டிய ஊரின் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்திப் பெய்ய வைக்கலாம். 2058-ஆம் வருடம் மாலை மரியாதையோடு அதைத் திறந்து வைத்தார்கள்.

நல்ல கண்டுபிடிப்புதான். மழை யாருக்கு என்ற கேள்விக்கு மட்டும் அதில் விடை இல்லை. முதல் வருடம் மேலிடத்து அதிகாரி ஒருவர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்தார். நெடுங்குளத்துக்குப் போக வேண்டிய மேகம் கரிசல்மேட்டில் கொட்டிவிட்டது. வானம் தவறு செய்த காலத்தில் ஜனங்கள் வானத்தைத் திட்டினார்கள். திட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இப்போது திட்டுவதற்குப் பக்கத்து ஊர் கிடைத்துவிட்டது. கோபுரத்தடியில் வெட்டுக்குத்து நடந்தது. இசக்கிமதியின் தம்பி முத்துராசு அங்கேதான் செத்தான். கோபுரக் காவலுக்கு இருந்த சித்தப்பாவுக்கு மத்தியானச் சோறு கொண்டு போனவன். இருபத்து மூன்று வயது. கையில் இருந்த தூக்குவாளியை அவன் கடைசி வரை விடவில்லை என்று சொன்னார்கள். அன்றிலிருந்து இசக்கிமதி தூக்குவாளியைத் தொடுவதில்லை.

அதற்குப் பிறகுதான் மன்றம் வந்தது. பதினோரு ஊர், ஊருக்கு ஓர் உறுப்பினர். மழை, மணல், நிலத்தடி நீர், மேய்ச்சல், கரைக்கடல் எல்லாம் அதன் பொறுப்பு. மாதம் ஒரு கூட்டம், கைதூக்கி முடிவு. சண்டை அப்போதும் நடந்தது, ஆனால் எல்லாம் உட்கார்ந்துகொண்டே நடந்தது. ஆழமான நாற்காலியில் அமிழ்ந்திருப்பவர் எழுந்து கைநீட்டுவதற்குள் பாதிக் கோபம் வடிந்துவிடும் என்று கண்டுகொண்ட இசக்கிமதி, மன்றத்துக்கு அப்படிப்பட்ட நாற்காலிகளாகவே பார்த்து வாங்கிப் போட்டாள்.

இரண்டு வருடம் நான்கு மாதம் முன்பு கொக்கியின் கம்பிச்சுருள் புகைந்து போயிற்று. மேலிடத்துக்கு ஆறு கடிதம் எழுதினாள். 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்று ஆறு பதில் வந்தது. ஊருக்குச் சொல்லலாம் என்றால் யார் நம்புவார்கள்? பழுது என்று சொல்லிவிட்டு எவனோ களவாக மேகத்தை இழுத்துக்கொண்டான் என்றுதான் பேசுவார்கள். பேச்சு ஓய்வதற்குள் இன்னொரு முத்துராசு விழுவான். அதனால் அவளும் மீரானும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மூடிக்கொண்டு ஒரு தொழிலும் கற்றுக்கொண்டார்கள். மீரான் வானிலைக் கணிப்பைப் பார்த்து எந்த ஊருக்கு எப்போது மழை என்று சொல்லுவான். மன்றம் அதையே முடிவு செய்யும்படி பார்த்துக்கொள்வது அவள் வேலை. மேகத்தை இழுப்பதைவிட மனிதர்களை இழுப்பது லேசு என்று தெரிந்தது. கரிசல்மேட்டு உறுப்பினரும் மன்றத் தலைவருமான தவசிக்கனி அண்ணாச்சி 'சரி' சொல்ல வேண்டுமானால், உப்பள ஊரான அளத்துக்குடியின் உறுப்பினர் லூர்தம்மாளை முதலில் 'கூடாது' சொல்ல வைத்தால் போதும். அந்த அம்மாள் கிழக்கு என்றால் அவர் மேற்கு. சிக்கலான பொருளை உளுந்தவடை வருகிற நேரத்துக்கு வைக்க வேண்டும். வாயில் வடையோடு ஆட்சேபிக்கிறவர் குறைவு.

கணிப்பு தவறினால் என்ன செய்வது என்று பயந்து, அவள் ஒரு விதியையும் அப்போதே நிறைவேற்றி வைத்திருந்தாள். மேகத்துக்கு எல்லைக்கல் தெரியாது, பக்கத்திலும் நாலு தூறல் விழத்தான் செய்யும். ஆகவே மழை வாங்குகிற ஊர், வீட்டுக்கு ஓர் ஆள் வீதம் உப்பளத்துக்கு அனுப்பி, குவித்து வைத்த உப்பைக் கீற்றும் படுதாவும் போட்டு மூடிக் கொடுக்க வேண்டும். மூடுமுறை என்று அதற்குப் பெயர். மழை வாங்கியவன் மூட வருவான். மூட வந்தவனுக்கு உப்பளத்துக்காரர்கள் மீன்குழம்பு வைத்துச் சோறு போடுவார்கள். இந்த மூடுமுறையில் இதுவரை நான்கு கல்யாணம் நடந்திருக்கிறது.

"அளத்துல நெலவரம் என்ன?" என்று கேட்டாள்.

"வருசத்து உப்பு பூராவும் மேட்டுல குவிஞ்சு கெடக்கு. சனிக்கெழமதான் லாரி வருது. ஒரு கீத்து மூடல. பங்குனியில எவன் மூடுவான்?" மீரான் தலையைச் சொறிந்தான். "நான் காலையில மூணாம் கோபுரத்துல ஏறி, ஏதாவது செய்ய முடியுமான்னு பாப்பமேன்னு போனேன். அந்தச் செம்பருந்து கொத்த வருதுக்கா. கூட்டுல ரெண்டு குஞ்சு வேற."

"பருந்து கெடக்கட்டும். யோசிக்க விடு."

யோசித்தாள். நூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் தாளை வைத்துக்கொண்டு மன்றம் என்ன முடிவு செய்யும்? மழை வேண்டாம் என்று செய்யும். மழை இல்லை என்றால் மூடுமுறை இல்லை. வியாழக்கிழமை பதினோரு சென்டிமீட்டர் இறங்கினால், முந்நூறு குடும்பத்தின் ஒரு வருடப் பாடு மாலைக்குள் கடலோடு கலந்துவிடும். அதோடு போகாது. எந்த ஊர்க்காரன் களவாக மழை வாங்கினான் என்று வெள்ளிக்கிழமை காலையில் கேள்வி எழும். கோபுரத்தடியில் மறுபடி கூட்டம் கூடும்.

மன்றம் மழை கொடுத்தாக வேண்டும். பங்குனியில். அதற்கு ஒரு மனு வேண்டும். இருக்கிற மனு ஒன்று.

"மீரானு, ஓடிப்போய் நயினார் அண்ணாச்சியக் கையோட கூட்டிட்டு வா."

நயினார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். மனு எடுத்துக்கொள்ளப்படுகிறது, நேரில் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"எதுக்கும்மா? வழக்கம்போலத் தள்ளிர வேண்டியதுதான?"

"அண்ணாச்சி, நீங்கதான மழ கேட்டு மனுப் போட்டிருக்கீய?"

"போடுதேன். போடலன்னா எம் பொண்டாட்டி 'யாவாரத்துக்கு என்ன முயற்சி எடுத்தீரு'ன்னு கேப்பா. நீங்க முத்திர குத்தித் தருதீயல்லா, அந்தச் சீட்டக் காட்டுவேன். அதோட போச்சு. நெசமாவே மழ வந்தா நான் என்ன செய்யதுக்கு? பாதிக் குடைய எலி கடிச்சு வச்சிருக்கு."

"அதெல்லாம் அங்க சொல்லாதீய. கையக் கட்டிக்கிட்டுச் சும்மா நில்லுங்க. பாவமா இருந்தாப் போதும்."

"அது என்னால முடியும்" என்றார் நயினார்.

பதினொரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. இசக்கிமதி முதலில் மணல் விஷயத்தை வைத்தாள். எல்லோரும் பேசிக் களைக்கட்டும் என்று விட்டுவிட்டு, வடைத் தட்டு உள்ளே வரும்போது பொருள் எண் ஒன்பதை வாசித்தாள். "சந்தைத் தெரு, குடைக்கடை நயினார், மழை வேண்டுதல்."

பதினோரு பேரும் வழக்கம்போலச் சிரித்தார்கள். தவசிக்கனி தள்ளுபடி செய்யக் கையைப் பாதி தூக்கியும்விட்டார்.

"தலைவர் அவர்களே" என்றாள் இசக்கிமதி. "இது நயினார் அண்ணாச்சியோட முப்பத்தோராவது மனு. பதினேழாம் பிரிவு, உட்பிரிவு ஈ என்ன சொல்லுதுன்னா, முப்பது தடவ மறுக்கப்பட்ட மனுதாரருக்கு முப்பத்தோராவது தடவ முறை ஒதுக்கியாகணும். எல்லாருக்கும் ஒரு முறை உண்டுங்கதுதான இந்த மன்றத்துக்கே அடிப்படை."

அப்படி ஓர் உட்பிரிவு கிடையாது. காலை பத்தேகாலுக்குத்தான் அவள் மனதில் அது பிறந்தது. சட்டப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்திருந்தாள். விரித்திருந்த பக்கத்தில் மாடு மேய்ச்சல் பற்றிப் போட்டிருந்தது.

சிரிப்பு நின்றது. தவசிக்கனி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பிடியா போட்டிருக்கு?"

"போட்டிருக்கு அண்ணாச்சி."

"எனக்குப் பருத்தி வெடிச்சு நிக்கி. நாப்பது ஏக்கர். நனைஞ்சா சாணி மாதிரி ஆயிரும். இந்த மனுசன் குடை விக்கதுக்கு நான் பருத்தியக் குடுக்கணுமாக்கும்?"

இதை அவள் எதிர்பார்த்திருந்தாள். இனி லூர்தம்மாளைத் தூண்டிவிட வேண்டியதுதான். உப்பு கரைந்துவிடும் என்று அந்த அம்மாள் கத்தினால் போதும். அவளை மறுத்துப் பேசுகிற சந்தோஷத்திலேயே அண்ணாச்சி பருத்தியை மறந்துவிடுவார்.

"லூர்தக்கா, ஒங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். நீங்க கண்டிப்பா ஆட்சேபிப்பீய" என்றாள்.

லூர்தம்மாள் வடையை இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியைத் தின்றார். நயினாரை மேலும் கீழும் பார்த்தார். நயினார் கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு பாவமாக நின்றார்.

"எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்ல" என்றார் லூர்தம்மாள். "முப்பது தடவ கேட்டிருக்காரு, பாவம். குடுத்துருவோம். வியாழக்கெழம வச்சுக்கிடுவோமா?"

இசக்கிமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இனி அண்ணாச்சி மேற்குத் திசையில் இறங்கிவிடுவார், எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"எம் பருத்தி?" என்றார் தவசிக்கனி.

"நாளைக்கும் நாளக்கழிச்சும் எங்க பொம்பளைய நூறு பேரு காட்டுக்கு வந்து எடுத்துத் தந்துருதோம். ரெண்டு நாள்ல நாப்பது ஏக்கரும் முடிஞ்சிரும். ஒங்க ஊர் ஆளுவ எங்க உப்ப மூடிக் குடுத்துருங்க. முறைதான?"

"சந்தைத் தெருவுக்குத்தான மழ? தெருவுல நாப்பது வீடு. நாப்பது ஆளு ஒங்க உப்பு பூராவயும் மூடிர முடியுமா?" தவசிக்கனி நாற்காலியில் நிமிர முயன்று முடியாமல் மறுபடி அமிழ்ந்தார். "அதோட, ஒரு தெருவுல மட்டும் மழ பெஞ்சா அவன் முந்நூறு குடைய எவன்ட்ட விப்பான்? மனு நியாயம்னா முழுசா நியாயம். பதினோரு ஊருக்கும் சேத்துப் போடுங்க. ஊரு பூராவும் மழ, ஊரு பூராவும் மூடுமுறை."

அறையில் ஓர் ஆளும் சிரிக்கவில்லை. நெடுங்குளத்து உறுப்பினர், "பதினோரு சென்டிமீட்டர் போதும்லா?" என்று கேட்டார். இசக்கிமதிக்கு அந்தக் கணக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் அதற்குள் கை தூக்கிவிட்டார்கள். பதினொன்று. எதிர்ப்பு இல்லை.

நயினார் கட்டிய கையை அவிழ்க்க மறந்து அப்படியே வெளியே போனார்.

செவ்வாயும் புதனும் பதினோரு ஊரும் உப்பளத்தில் இருந்தன. வண்டி வண்டியாகக் கீற்று வந்தது. கல்யாண வீட்டார் பந்தல் படுதாவைக் கழற்றிக் கொண்டு வந்தார்கள். வடக மகளிர் குழு வடகத்தை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, காயப் போட்ட பிளாஸ்டிக் பாய்களோடு வந்தது. "கேவலம் ஒரு குடைக்காரனுக்காக" என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் மூடினார்கள். அந்தப் பக்கம் கரிசல்மேட்டில் உப்பளத்துப் பெண்கள் பருத்தி எடுத்தார்கள். உப்பு வாரிக் காய்ப்பேறிய கைக்குப் பருத்தி மெத்தென்று இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்களாம். நயினாரும் தன் பங்குக்கு ஓர் ஆளாக வந்து கீற்றுச் சுமந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவரைத் திட்டினார்கள். முப்பத்தோரு மாதமாக அவரை யாரும் இவ்வளவு கவனித்ததில்லை. மனிதருக்கு முகம் மலர்ந்து கிடந்தது.

வியாழக்கிழமை ஒரு மணிக்கு வானம் கறுத்தது. கடைசிப் படுதாவின் முனையில் கல் வைத்துக்கொண்டிருந்தபோது இசக்கிமதியின் முதுகில் முதல் துளி விழுந்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் கம்பு நட்டுக் கட்டிய படுதாவுக்குள் நுழைந்தாள். உள்ளே லூர்தம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தார். மழை அறைந்து பெய்தது. வாய்க்கால்களில் சேற்றுத் தண்ணீர் ஓடியது, ஆனால் உப்புக் குவியல்கள் மூடிப் போர்த்திக்கொண்டு அசையாமல் நின்றன. அவளுக்கு அழுகை வந்தது. மழைத் தண்ணீர் என்று துடைத்துக்கொண்டாள்.

"மதி" என்றார் லூர்தம்மாள். "அந்தப் பதினேழாம் பிரிவு, உட்பிரிவு ஈ. அத எப்ப எழுதுன?"

"அது... ஆரம்பத்துலருந்தே இருக்குக்கா."

"அந்தப் புத்தகத்தத் தயார் பண்ணுன கமிட்டியில நானும் இருந்தேன் தாயி. பதினேழு ஆ-வோட முடிஞ்சு போவுது. இ-யே கெடையாது. நீ ஈ-க்குப் போயிட்ட."

லூர்தம்மாள் கையை நீட்டி, மழைக்குள் மங்கலாகத் தெரிந்த மூன்றாம் கோபுரத்தைக் காட்டினார்.

"கொக்கி ஓடுத காலத்துல அதுமேல காக்கா கூட உக்காராது. பக்கத்துல போனாலே நமக்கு மயிர் குத்திட்டு நிக்கும். இப்ப ரெண்டு வருசமாச் செம்பருந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கி. நாங்க நாளெல்லாம் அளத்துல நின்னு எதப் பாத்துக்கிட்டிருக்கோம்னு நெனச்ச?"

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள் இசக்கிமதி.

"எனக்கு மட்டுமா? பதினோரு பேருக்கும் தெரியும். நான் மொதல்ல தவசிக்கனி அண்ணாச்சிட்டதான் போய்ச் சொன்னேன். 'எனக்கு ஒனக்கு முந்தியே தெரியும்'னுட்டாரு. மனுசன் அதுலயும் விட்டுக் குடுக்கல. கூட்டம்னா முந்துன நாளு நாங்க எல்லாரும் போன்ல மழக் கணிப்பப் பாத்துட்டுத்தான் வாரோம். நீ எப்பிடிக் கொண்டுபோய் எங்கள அதுல சேக்கப் போறன்னு பாக்கதுல ஒரு சொகம். இந்தத் தடவ எப்பிடிச் சேப்பான்னு ஞாயித்துக்கெழம பூரா ஒரே பேச்சு. நயினார எவனும் யோசிக்கல. கெட்டிக்காரிதான் நீ."

நெடுங்குளத்து உறுப்பினருக்கு எப்படிப் பதினோரு சென்டிமீட்டர் தெரிந்தது என்று இப்போது விளங்கியது. மன்றத்தைத் தான் இழுத்துக்கொண்டு போவதாக இரண்டு வருடம் நான்கு மாதம் நம்பியிருந்தாள். அவர்கள் தாங்களாகவே நடந்துதான் வந்திருக்கிறார்கள்.

"பெறவு ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா நீ நெசத்தச் சொல்லிருவ. சொன்னா மினிட்ஸ்ல ஏறிரும். கொக்கி இல்லன்னு ஆனா எந்த ஊரு மழ வாங்குச்சு? வாங்காத ஊரு எதுக்கு எங்க உப்ப மூட வரணும்? முன்னால மழ பெஞ்சா எங்க உப்பு கரையும், அவுகளுக்கு அது ஒரு சேதி. இப்ப மழ பெஞ்சா அவுக கடமப்பட்டவுக. ஒம் பொய்யிலதான் எங்க உப்பு நிக்கி."

மழை கொஞ்சம் தணிந்தது. லூர்தம்மாள் பின்னால் துழாவி ஒரு தூக்குவாளியை எடுத்து நடுவில் வைத்தார். இசக்கிமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தெரியும்" என்றார் லூர்தம்மாள். "ஒந்தம்பி விழுந்த அன்னைக்கு இதே அளத்துல நான் உப்பு வாரிக்கிட்டிருந்தேன். ஓடிப்போயி மடியில தூக்கிப் போட்டது நாந்தான். அவன் கையிலருந்து வாளிய வாங்குனதும் நாந்தான். சோறு சிந்தலக்கா, சித்தப்பாட்டக் குடுத்துருங்கன்னான். மூடுமுறைக்குன்னு நீ விதி கொண்டாந்தப்ப அந்தச் சோத்தத்தான் நெனச்சேன், மூட வாரவுகளுக்கு நாங்க சோறு போடுதது அதனாலதான். நீயும் எங்க சோத்துல கைவச்சிட்டுப் போ. மூட வந்தவள வெறும் வயித்தோட அனுப்புனா எனக்குத்தான் அசிங்கம்."

இசக்கிமதி நெடுநேரம் அந்த வாளியைப் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்தாள். சாளைமீன் குழம்பு. பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு தூக்குவாளிச் சோற்றை அழுதுகொண்டே தின்றாள். காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது நல்லதாயிற்று.

வெளியே எலி கடித்த குடைகளைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வரிசையாக ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். குடைக்குள்ளும் மழை பெய்தது. நயினாரைத் திட்டுகிற சத்தம் அளம் முழுக்கக் கேட்டது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு இரண்டு புதிய காகிதங்கள் வந்தன. ஒன்று நயினாருடையது. முதன்முறையாக மஞ்சள் தாள். குடை அனைத்தும் விற்றுத் தீர்ந்தது, கறுப்புக் கண்ணாடி இறக்கியிருக்கிறேன், ஆகவே ஒரு வருடத்துக்கு மழை வேண்டாம் என்று எழுதியிருந்தார். மன்றம் பிரியத்தோடு ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது.

இன்னொன்று மேலிடத்திலிருந்து. பரிசீலனை முடிந்துவிட்டதாம். புதிய கம்பிச்சுருளுக்கு ஒப்புதல் ஆகிவிட்டதாம். வருகிற புதன்கிழமை ஆட்கள் வந்து மாட்டுவார்களாம். பழையதைவிட மூன்று மடங்கு சக்தியாம்.

இசக்கிமதி அதை வாசித்து முடித்தபோது தட்டிலிருந்த வடையை யாரும் தொடவில்லை. நிஜமாகவே மேகத்தை இழுக்கிற கொக்கி. நிஜமாகவே ஒருவர் மழையை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய பார்வை ஒன்று அந்த அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

தவசிக்கனி தொண்டையைக் கனைத்தார்.

"செயலரம்மா, மூணாம் கோபுரத்துல செம்பருந்துக் கூடு ஒண்ணு இருக்குல்லா?"

"இருக்கு அண்ணாச்சி."

"அது இந்த வட்டாரத்தோட இயற்கை வளமா, இல்லையா?"

"வளம்தான்" என்றார் லூர்தம்மாள், யாரும் கேட்பதற்கு முன்பே. அண்ணாச்சி சொன்னதை அந்த அம்மாள் ஆமோதித்தது மன்ற வரலாற்றில் இரண்டாம் தடவை. "குஞ்சு இருக்கும்போது கோபுரத்துல கைவைக்கது பாவம்லா."

தீர்மானத்தை இசக்கிமதியே எழுதினாள். வட்டாரத்தின் அரிய வளமாகிய செம்பருந்துக் குடும்பத்தின் நலன் கருதி, குஞ்சுகள் பறந்து செல்லும் வரை கோபுரங்களில் எவ்விதப் பணியும் மேற்கொள்ளக் கூடாது என்றும், பதினேழாம் பிரிவு, உட்பிரிவு உ-வின்படி இம்முடிவுக்கு மேல்முறையீடு இல்லை என்றும் மன்றம் ஒருமனதாகத் தீர்மானிக்கிறது. பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். உட்பிரிவு உ வந்த இடத்தில் லூர்தம்மாள் பேனாவை நிறுத்தி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட்டார்.

எல்லோரும் போன பிறகு மீரான் உள்ளே வந்தான். கதவைச் சாத்தினான், தாழ்ப்பாள் போட்டான். இந்தத் தடவை அவள் கையில் இருந்ததைக் கீழே வைக்கவில்லை.

"யக்கா, ஒண்ணு சொல்லணும். அந்தக் குஞ்சு ரெண்டும் போன வாரமே பறந்து போச்சு. கூடு காலியாத்தான் கெடக்கு."

இசக்கிமதி மன்ற முத்திரையை மையில் ஒற்றி, தீர்மானத்தின் அடியில் அழுத்தி வைத்தாள்.

"மினிட்ஸ்ல இன்னும் பறக்கல" என்றாள்.